பழைய கேர்ள் குரூப்கள்: எதைப் படிக்கலாம், எதைப் பார்க்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் மொட்டைமாடியில் பழைய பாட்டு கேட்கும் கூட்டம் நடக்கும். எட்டுப் பேர் வருவார்கள், சில மாதம் பன்னிரண்டு. 1960-களின் அமெரிக்கப் பெண் குழுக்களைப் போட்டுவிட்டால் போதும், சுண்டல் தீர்வதற்குள் அதே கேள்விகள் கிளம்பிவிடும். எந்தப் புத்தகம் வாங்கலாம், எந்தப் படம் பார்க்கலாம், இவர் சொல்வது நிஜமா, அவர் சொல்வதா. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கேர்ள் குரூப்னா பொண்ணுங்க சேர்ந்து பாடுற எந்தக் குழுவும்தானே அக்கா?

சொல்லுக்குப் பொருள் அதுதான். ஆனால் இந்தப் புத்தகங்களும் ஆவணப்படங்களும் பேசுவது ஒரு குறிப்பிட்ட காலத்தை, ஏறக்குறைய 1958 முதல் 1966 வரையான அமெரிக்காவை. மூன்று நான்கு பள்ளிக்கூடப் பெண்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். ஒருத்தி முன்னால் நின்று பாடுவாள், மற்றவர்கள் பின்னாலிருந்து 'ஷா லா லா' கொடுப்பார்கள். பாட்டை எழுதுவது ஒருவர், வாத்தியம் வாசிப்பது இன்னொருவர், காசை எண்ணுவது பெரும்பாலும் வேறொருவர்.

சாண்டெல்ஸ் குழுவின் 'மேபி' 1958-ல் ஹிட்டானதை வைத்துத் தொடங்குவது வழக்கம். 1961 ஜனவரியில் ஷிரெல்ஸ் குழுவின் 'வில் யூ லவ் மீ டுமாரோ' அமெரிக்காவின் வாராந்தரப் பாட்டுத் தரவரிசையான பில்போர்ட் ஹாட் 100-ல் முதலிடத்துக்குப் போனது. கறுப்பினப் பெண்களின் குழு ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் தடவை. ஸ்பைஸ் கேர்ள்ஸ், கொரியக் குழுக்கள் எல்லாம் வேறு அலமாரி.

ஒரே ஒரு புத்தகம்தான் வாங்குவேன். எது?

2023-ல் வந்த 'பட் வில் யூ லவ் மீ டுமாரோ?'. லாரா ஃபிளாம், எமிலி சியூ லீபோவிட்ஸ் என்ற இருவர் தொகுத்தது. பாடியவர்கள், எழுதியவர்கள், தயாரித்தவர்கள் எல்லோரும் அவரவர் வாயால் சொன்னதை வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். ஒரே சம்பவத்தை ஒருத்தி ஒரு விதமாகச் சொல்வாள், அடுத்த பத்தியிலேயே இன்னொருத்தி மறுப்பாள். 'இதுதான் சரி' என்று நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்ல ஆள் கிடையாது. எனக்கு அதுதான் பிடித்தது.

முதன்முதலில் இந்த இசைக்கென்று தனிப் புத்தகம் போட்டவர் ஆலன் பெட்ராக். 1982-ல் வந்த 'கேர்ள் குரூப்ஸ்: தி ஸ்டோரி ஆஃப் எ சவுண்ட்'. பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். இந்தப் பாட்டுகளை யாரும் பொருட்படுத்தாத நாளில் ஒருவர் ஆசைப்பட்டு எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

என் இங்கிலீஷ் சுமார்தான். தாக்குப்பிடிப்பேனா?

மேலே சொன்ன 2023 புத்தகம் முழுக்கப் பேச்சு மொழி. சின்னச் சின்னப் பத்திகள், தாராளமாகப் படிக்கலாம். பாடகிகளின் சுயசரிதைகளும் அப்படித்தான். தொடக்கத்தில் தவிர்க்க வேண்டியது ஜாக்குலின் வார்விக்கின் 'கேர்ள் குரூப்ஸ், கேர்ள் கல்ச்சர்' (2007). நல்ல புத்தகம், ஆனால் பல்கலைக்கழக நடை. நானே இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு மாதம் நின்றுவிட்டேன்.

படிக்கிற பொறுமை இல்லை. படமா இருந்தா சொல்லுங்க.

'ட்வென்டி ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்' (2013), மார்கன் நெவில் இயக்கியது. கேர்ள் குரூப்களைப் பற்றிய படம் என்று நேராகச் சொல்ல முடியாது. மேடையில் நட்சத்திரத்துக்குப் பின்னால் நின்று பாடுகிறவர்களின் கதை. ஆனால் அதன் நடுநாயகம் டார்லீன் லவ். அவர் இல்லாமல் கேர்ள் குரூப் கதையே இல்லை. ஏன் என்பதற்கு 'ஹீஸ் எ ரெபல்' கேள்வியைப் பாருங்கள்.

படத்தில் அவர் சொல்லும் ஒரு சம்பவம் போதும். 1980-களின் தொடக்கம், பாட வாய்ப்பில்லாமல் வீட்டு வேலைக்குப் போகிறார். பெவர்லி ஹில்ஸில் யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ரேடியோவில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு வருகிறது. குரல் அவருடையது. 1963-ல் பாடியது. அதன்பிறகுதான் மறுபடி பாடக் கிளம்புகிறார். அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியபோது மேடையில் ஏறி நன்றி சொல்வதற்குப் பதில் ஒரு சர்ச் பாட்டின் அடியை மைக் கூடத் தேவைப்படாத குரலில் எடுத்தார். மொத்த அரங்கமும் எழுந்து நின்றது. 2014-ல் அவருக்கு வயது 72.

பெட்ராக்கின் புத்தகத்தை வைத்து 1983-ல் அதே தலைப்பில் ஒரு ஆவணப்படமும் வந்தது. பாடகிகள் நடுவயதில் இருந்தபோது எடுத்த பேட்டிகள் அதில் உண்டு. பிறகு வந்த படங்களில் பலரும் பாட்டிகளாகிவிட்டார்கள், சிலர் இல்லவே இல்லை. அந்த வகையில் அதன் மதிப்பே தனி.

பாட்டே கேட்டதில்லை. நேரா புத்தகத்துக்குப் போகலாமா?

வேண்டாம். ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுப் போங்கள். முதலில் ரானெட்ஸ் பாடிய 'பி மை பேபி' (1963). ஆரம்பத்தில் டிரம் மட்டும்தான்: டும்... டும் டும் என்று இழுத்துவிட்டு, ஒரு 'டப்'. வாசித்தவர் ஹால் பிளெய்ன். லாஸ் ஏஞ்சல்ஸில் கோல்டு ஸ்டார் என்ற ஒலிப்பதிவுக்கூடம். சின்ன அறைக்குள் கிதார், பியானோ எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாக உட்காரவைத்து ஒரே நேரத்தில் வாசிக்கச் சொல்லி, அந்தச் சத்தத்தை எதிரொலி அறைக்குள் அனுப்பித் திரும்பப் பிடிப்பார்கள். எந்த வாத்தியம் எங்கே என்று பிரித்துக் கேட்க முடியாது. அந்தக் கூழுக்கு மேலே, முன்னால் பாடிய ரானியின் குரல் மட்டும் பச்சை மிளகாய் போல நிற்கும். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஸ்பீக்கரில் கேளுங்கள். அந்தக் காலத்துக் கார் ரேடியோவை மனதில் வைத்துச் செய்த பாட்டு அது.

அடுத்து ஷிரெல்ஸின் மேற்சொன்ன பாட்டு. பிறகு மார்வெலெட்ஸின் 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' (1961), மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு ஹாட் 100-ல் கிடைத்த முதல் முதலிடம். அதில் டிரம் வாசித்த இளைஞர், பின்னால் பெரிய பாடகரான மார்வின் கே என்பது கொசுறு. பீட்டில்ஸ் ரசிகர்களுக்கு இந்தப் பாட்டு ஏற்கெனவே தெரிந்திருக்கும், அவர்களும் இதைப் பாடியிருக்கிறார்கள். தங்கள் முதல் ஆல்பத்திலேயே ஷிரெல்ஸ் பாட்டு இரண்டு, குக்கீஸ் பாட்டு ஒன்று என்று பாடியவர்கள் அவர்கள்.

'ஹீஸ் எ ரெபல்' பாடினது கிரிஸ்டல்ஸா, டார்லீன் லவ்வா? ஒவ்வொரு இடத்துல ஒவ்வொண்ணு போட்டிருக்கே.

இரண்டும் சரி, அதுதான் வேடிக்கை. இசைத்தட்டில் அச்சிட்ட பெயர் கிரிஸ்டல்ஸ். குரல் டார்லீன் லவ்வும் அவருடைய பிளாஸம்ஸ் குழுவும். 1962-ல் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் கையில் இந்தப் பாட்டு கிடைத்தது. வேறொரு பாடகியும் இதையே பதிவு செய்கிறார் என்று தெரிந்து முந்திக்கொள்ள ஓடினார். அவர் இருந்தது லாஸ் ஏஞ்சல்ஸில், கிரிஸ்டல்ஸ் இருந்ததோ நாட்டின் மறுகோடியில். கிரிஸ்டல்ஸ் என்ற பெயர் ஸ்பெக்டரின் கையில் இருந்தது. பக்கத்தில் கிடைத்த குரலை வைத்துப் பாடவைத்து, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பெயரை ஒட்டிவிட்டார். நவம்பரில் அது முதலிடத்துக்குப் போனது.

கிரிஸ்டல்ஸ் பெண்கள் தங்கள் 'புதுப் பாட்டை' ரேடியோவில் கேட்டு வாயைப் பிளந்தார்கள் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதோடு முடியவில்லை. மறுநாளிலிருந்து மேடையில் அதைப் பாட வேண்டியதும் அவர்கள்தான். டார்லீன் லவ்வின் 'மை நேம் இஸ் லவ்' (1998) இதே கதையை மறுபக்கத்திலிருந்து சொல்கிறது. அடுத்த பாட்டாவது தன் பெயரில் வரும் என்று நம்பினார், அதுவும் கிரிஸ்டல்ஸ் பெயரிலேயே வந்தது. அந்தச் சுயசரிதையின் தலைப்பே ஒரு சண்டை என்று அப்போதுதான் புரிந்தது எனக்கு.

இது ஒரு தடவை நடந்த விபத்தல்ல. 1962-ல் புளூ பெல்ஸ் பெயரில் வெளிவந்த முதல் ஹிட்டைப் பாடியது ஸ்டார்லெட்ஸ் என்ற வேறொரு குழு. ஆகவே எந்தப் புத்தகத்திலும் 'இன்னார் பாடினார்' என்று வந்தால், தட்டில் இருக்கும் பெயரைச் சொல்கிறாரா, மைக் முன்னால் நின்றவரைச் சொல்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுல என்ன பெரிய அநியாயம்? நம்ம சினிமாவுல பின்னணி பாடலையா?

மொட்டைமாடியில் அதிக நேரம் சண்டை நடந்த கேள்வி. பின்னணியில் நடிகை வாயசைக்கிறார், பாடியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், பெயரும் போடுகிறார்கள். அதுகூட முதலிலிருந்தே அப்படி இல்லை. 1949-ல் வந்த 'மஹல்' இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டு, தட்டில் 'காமினி' என்ற கதாபாத்திரத்தின் பெயரில் வந்தது. பாடியவர் லதா மங்கேஷ்கர். அங்கே போராடிப் பெயர் வாங்கினார்கள். இங்கே ஒரு குழுவின் உழைப்பை இன்னொரு குழுவின் பெயரில் விற்றார்கள், இரண்டு பக்கமும் பெண்கள்தான் ஏமாந்தார்கள்.

ரானி ஸ்பெக்டர் எழுதினது ரொம்ப வலிக்குமாமே? படிக்கலாமா?

'பி மை பேபி' என்ற அதே பெயரில் 1990-ல் வந்தது. வலிக்கும், ஆனால் முழுக்க இல்லை. முதல் பாதியில் நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். ரானி, அக்கா எஸ்டெல், ஒன்றுவிட்ட சகோதரி நெட்ரா மூவரும் நியூயார்க்கில் வளர்ந்தவர்கள். 1961-ல் பெப்பர்மின்ட் லவுஞ்ச் என்ற நடன விடுதி வாசலில் வயதைக் கூட்டிக் காட்ட ஒரே மாதிரி உடையும் உயரக் கொண்டையும் கண்மையுமாக நிற்கிறார்கள். வாசலில் இருந்தவர், அன்றைக்கு ஆட வரவேண்டிய பெண்கள் இவர்கள்தான் என்று நினைத்து உள்ளே இழுத்துப் போகிறார். வேலை கிடைத்தது அப்படித்தான்! பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸ் வைத்திருந்த கொண்டைக்கு மூலம் இந்த மூவரும்தான்.

பின்பாதி திருமணம். மேலே சொன்ன அதே ஃபில் ஸ்பெக்டர்தான் கணவர். பாடவிடாமல், வெளியே விடாமல் மாளிகைக்குள் வைத்திருக்கிறார். 1972-ல் அம்மாவின் துணையோடு செருப்புகூட இல்லாமல் வெளியேறுகிறார் ரானி. குடும்ப வன்முறையைப் படிக்கத் தாங்காதவர்கள் அந்த அத்தியாயங்களை மெதுவாகத் தொடுங்கள். ஸ்பெக்டர் 2009-ல் ஒரு கொலை வழக்கில் தண்டனை பெற்று, 2021 ஜனவரியில் சிறைவாசத்திலேயே இறந்தார். புத்தகம் அதற்கெல்லாம் 19 வருடம் முந்தியது. அப்போது அவர் பெரிய மேதை என்று கொண்டாடப்பட்டவர். அந்த நேரத்தில் இதை எழுத நெஞ்சுரம் வேண்டும்.

கூட வேற ஒருத்தர் பேர் இருக்கே. அப்போ அது அவங்க எழுதினதா?

வின்ஸ் வால்ட்ரன். ஆமாம், பாடகிகளின் சுயசரிதைகளில் அநேகமாக ஒரு கூட்டு எழுத்தாளர் இருப்பார். அவர்கள் பேச, இவர் எழுதி ஒழுங்கு செய்வார். மோசடி எதுவும் கிடையாது. குரல் பாடகியுடையதுதானா என்று தெரிய, யூடியூபில் அவர் பேட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு இரண்டு பக்கம் படியுங்கள். ரானியின் புத்தகத்தில் பேச்சும் எழுத்தும் ஒன்றாகவே இருக்கும்.

சுப்ரீம்ஸ் விஷயத்துல மேரி வில்சன் சொல்றது உண்மையா, டயானா ராஸ் சொல்றதா?

இருவரும் மோடவுனின் சுப்ரீம்ஸ் குழுவில் சேர்ந்து பாடியவர்கள். மேரி வில்சனின் 'ட்ரீம்கேர்ள்' 1986-ல் வந்தது, டயானா ராஸின் 'சீக்ரெட்ஸ் ஆஃப் எ ஸ்பேரோ' 1993-ல். மேரி தேதி, உடை, ஹோட்டல் அறை, யார் யாரிடம் என்ன சொன்னார் என்று எழுதுவார். டயானா குழுவின் சண்டைகளை மேலோட்டமாகக் கடந்துபோவார். விவரத்துக்கு மேரியைத்தான் நம்புவேன். ஆனால் மேரிக்கு மனத்தாங்கல் உண்டு, அதையும் கழித்துப் படிக்க வேண்டும்.

உண்மையில் கேட்க வேண்டிய குரல் மூன்றாவது: ஃபிளாரன்ஸ் பாலர்ட். டெட்ராய்ட்டின் அரசுக் குடியிருப்பில் குழு உருவாகக் காரணமே அவர். 1967-ல் வெளியேற்றப்பட்டார். அடுத்த வருடம் மோடவுன் கணக்கு முடித்துக் கொடுத்த தொகை 1,39,804 டாலர், 94 சென்ட். அதோடு ஒரு நிபந்தனை: விளம்பரத்தில் எங்கேயும் தான் சுப்ரீம்ஸில் இருந்ததாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. அந்த 94 சென்ட்டைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பணமும் கரைந்தது, அரசு உதவித்தொகையில் வாழ்ந்து 1976 பிப்ரவரியில் 32 வயதில் இறந்தார். அதற்கு முந்தைய வருடம் பீட்டர் பெஞ்சமின்சன் என்ற பத்திரிகையாளர் அவரிடம் டேப்பில் பதிவு செய்த பேட்டிகள், 2008-ல்தான் 'தி லாஸ்ட் சுப்ரீம்' என்று புத்தகமாயின.

'ட்ரீம்கேர்ள்ஸ்' படம் பாத்துட்டேன். அதுவே போதாதா?

அது கதை. 1981 பிராட்வே நாடகத்திலிருந்து 2006-ல் படமானது. சுப்ரீம்ஸை நினைவூட்டும், ஆனால் சுப்ரீம்ஸ் அல்ல. படத்தில் வெளியேற்றப்பட்ட எஃபி கடைசியில் மேடைக்குத் திரும்புகிறாள். நிஜத்தில் என்ன ஆனது என்பது முந்தைய பதிலில் இருக்கிறது.

ஆவணப்படங்கள்ல பாட்டை ஏன் பத்து நொடியில வெட்டிடறாங்க? எரிச்சலா வருது.

காசு. ஒரு பாட்டைப் படத்தில் சேர்க்க இரண்டு பேரிடம் அனுமதி வாங்க வேண்டும்: இயற்றியவரின் உரிமையை வைத்திருப்பவர், அந்த ஒலிப்பதிவை வைத்திருப்பவர். இருவருக்கும் தனித்தனியே கட்டணம். 'பி மை பேபி'க்கு வாசித்த ஹால் பிளெய்ன் கூட்டத்தைப் பற்றி 'தி ரெக்கிங் க்ரூ' என்று ஒரு படம் உண்டு. அந்தக் கூட்டத்துக் கிதார் கலைஞரின் மகன் டென்னி டெடெஸ்கோ 1996-ல் எடுக்கத் தொடங்கினார். 2008-ல் திரைவிழாக்களுக்கு வந்தது. பாட்டுகளுக்குப் பணம் கட்டி முடித்து வெளியானது 2015-ல். நூற்றுக்கும் மேல் பாட்டுகள். பொதுமக்களிடம் நிதி திரட்டித்தான் முடித்தார்.

பெரிய நிறுவனத்தின் ஆசி பெற்ற படத்தில் பாட்டு முழுதாக ஒலிக்கும், சண்டை பாதியாகக் குறையும். தனியாள் எடுத்த படத்தில் நேர்மாறாக இருக்கும். மோடவுன் பற்றிய படங்களைப் பார்க்கும்போது இதை மறக்காதீர்கள்.

ரானெட்ஸ் கேஸ்ல ஜெயிச்சாங்கன்னு ஒரு புத்தகம், தோத்தாங்கன்னு இன்னொண்ணு. எது சரி?

புத்தகம் வந்த வருடத்தைப் பாருங்கள். தயாரிப்பாளர் ஸ்பெக்டரோடு போட்ட 1963 ஒப்பந்தத்தில் மூவருக்கும் சேர்த்துக் கிடைத்தது ஏறக்குறைய 15,000 டாலர் முன்பணம், அதற்குப் பிறகு ராயல்டி எதுவும் இல்லை. 1980-களின் பிற்பகுதியில் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். 2000-ல் ஏறக்குறைய 30 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. இடையில் அச்சான புத்தகங்களில் ஜெயித்ததாகத்தான் இருக்கும்.

2002-ல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. ஒப்பந்தத்தில் ஒலிப்பதிவின் உரிமை முழுதும் தயாரிப்பாளருக்கே என்று இருக்கிறது, ஆகவே சினிமாவிலும் விளம்பரத்திலும் பாட்டைப் போட்டு வந்த பணத்தில் பங்கு கிடையாது என்றது. 'டர்ட்டி டான்ஸிங்' (1987) படத் தொடக்கத்தில் ஒலிக்கும் 'பி மை பேபி'யை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டு விற்பனைக்கான ராயல்டியை மட்டும் ஒப்பந்தப்படி கணக்கிட்டுத் தரச் சொன்னது. பாதி வெற்றி, பெரிய பாதி தோல்வி. ரானியின் 1990 புத்தகத்தில் இதையெல்லாம் தேடாதீர்கள்.

'மை ஸ்வீட் லார்ட்' இவங்க பாட்டுல இருந்து சுட்டதாமே?

சிஃபான்ஸின் 'ஹீஸ் ஸோ ஃபைன்' (1963). 'மை ஸ்வீட் லார்ட்' பாடிய பீட்டில்ஸ்காரர் ஜார்ஜ் ஹாரிசன் தெரிந்தே திருடவில்லை, அடிமனதில் கிடந்தது வந்துவிட்டது என்று 1976-ல் நீதிபதி சொன்னார், ஆனாலும் மீறல் மீறல்தான் என்றார். இதில் எனக்குப் பிடித்தது, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1975-ல் சிஃபான்ஸ் 'மை ஸ்வீட் லார்ட்'டைப் பாடித் தட்டு போட்டதுதான்.

ஆம்பளைங்க சொன்னதை வாயசைச்ச பொண்ணுங்க. இதுல பெண்ணியம் எங்கேர்ந்து வந்தது?

முதலில், எல்லாம் ஆண்கள் எழுதியதல்ல. கரோல் கிங், எல்லி கிரீன்விச், சிந்தியா வைல் என்று பெண்கள் எழுதிக் குவித்த காலம் அது. 'வில் யூ லவ் மீ டுமாரோ'வுக்கு இசையமைத்தபோது கரோல் கிங்குக்கு 18 வயது, கைக்குழந்தை வேறு. ஷிரெல்ஸின் நிறுவனத்தை நடத்தியவரும் ஒரு பெண்தான், ஃபிளாரன்ஸ் கிரீன்பர்க், நியூஜெர்சி குடும்பத்தலைவி. மகளின் பள்ளித் தோழிகளைப் பாடவைத்தவர். ஆனால் பெண் நடத்தினால் பிரச்சினை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 21 வயதில் தருவதாகச் சொன்ன சேமிப்புப் பணம் இல்லவே இல்லை என்று அந்தத் தோழிகளே பின்னால் வழக்குக்குப் போனார்கள்.

இரண்டாவது, கேட்ட பெண்களுக்கு அந்தப் பாட்டு என்னவாக இருந்தது என்பது. சூசன் டக்ளஸின் 'வேர் தி கேர்ள்ஸ் ஆர்' (1994) புத்தகத்தில் ஷிரெல்ஸ் ஏன் முக்கியம் என்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. 'இன்றிரவு சரி, நாளைக்கு?' என்ற கேள்வியை ஒரு பெண்குரல் ரேடியோவில் கேட்பதே அன்று புதிது. அதற்காக எல்லாப் பாட்டையும் தூக்கிவைக்க வேண்டாம். அடித்தால் அது அன்பு என்று சொல்லும் ஒரு பாட்டை 1962-ல் கிரிஸ்டல்ஸ் பாடினார்கள், எதிர்ப்பு வந்து நிறுவனம் திரும்பப் பெற்றது. அதை எழுதிய ஜோடியில் ஒருவரும் இதே கரோல் கிங்தான்.

ஷாங்ரி-லாஸ் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?

அவர்களில் யாரும் சுயசரிதை எழுதவில்லை, காரணம் அதுதான். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதி, இரண்டு ஜோடி சகோதரிகள், 'லீடர் ஆஃப் தி பேக்' (1964) முதலிடம். முன்னால் பாடிய மேரி வைஸ் 2024-ல் காலமானார். ஏடா வோலின் 2019-ல் அவர்களுடைய ஒரு தொகுப்பு ஆல்பத்தை வைத்து எழுதிய குட்டிப் புத்தகம் உண்டு. ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

இந்தப் புத்தகமெல்லாம் கடன் தருவீங்களா?

பெட்ராக் தரமாட்டேன். மற்றதெல்லாம் நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். ரானியின் புத்தகத்தைப் போன தீபாவளிக்கு முன்னால் எடுத்துப் போனவர் இதைப் படித்தால், உங்களுக்குப் பின்னால் நான்கு பேர் காத்திருக்கிறார்கள்.